சுட்டவர் வீட்டுக்குப் போன கறி

அன்பு ஆரோக்கியம் மச்சானுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. கல்லறைக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பியதோடு சரி, உங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பாசத்தால் எழுதுகிறேன் என்றால் நீங்களே நம்பமாட்டீர்கள். பயத்தால் எழுதுகிறேன். மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருந்திருந்தால், "என்ன மாப்ள, மறுபடியும் வயித்தக் கலக்குதா?" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருப்பீர்கள். பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தவருக்கு, பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து ஊரார் எலும்பைப் படம் பிடிக்கிற மச்சினன் எப்போதும் வேடிக்கைதான். ஆனால் இந்தத் தடவை நீங்களும் பயந்திருப்பீர்கள்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ஜெனி முழுகாமல் இருக்கிறாள். இது ஏழாவது மாதம். நாலு வருடம் நீங்களும் செலின் அக்காவும் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடந்த நடை வீண்போகவில்லை. நீங்கள் போன அடுத்த மாதமே தரித்துவிட்டது. வளைகாப்பு முடித்து அரியலூரிலிருந்து கூட்டிவந்துவிட்டோம். உங்கள் வீட்டில், உங்கள் கட்டிலில்தான் படுத்திருக்கிறாள். நீங்களே வந்து பிறக்கப் போகிறீர்கள் என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேதக்காரர்கள் அப்படிச் சொல்லலாமா என்று கேட்டால் முறைக்கிறாள்.

மூன்று வாரத்துக்கு முன் அக்காவுக்கு வலது பக்க அடிவயிற்றில் வலி. டாக்டரம்மா எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். நான் இருக்கும்போது வேறு யார் எடுப்பது? நானே நிற்கவைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, எடுத்தேன்.

திரையில் வலது பக்கம் கீழே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு சிட்டிகை. எலும்பைவிட வெள்ளையாக இருந்தன. சேலையில் ஊக்கு ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். தாலிச் சங்கிலியைத்தான் நீங்கள் போனதும் கழற்றிவிட்டாளே. சேலையை மாற்றிக் கவுன் போடச் சொல்லி, உதறிப் பார்த்து, மறுபடி எடுத்தேன். அதே இடம், அதே புள்ளிகள். உடம்புக்குள் இருக்கும் எதுவும் எலும்பைவிட வெள்ளையாக வராது, மச்சான். வந்தால் அது உலோகம். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், அந்தப் புள்ளிகள் என்ன என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. 

இந்தக் கடிதத்தை ஊரார் எல்லோரும் வாசிக்கும்படி வெளியிடப்போகிறேன். அவர்களுக்காக நமக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரஞ்சன்குடிப் பக்கம் உங்கள் மக்காச்சோளக் காட்டைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்ற என்று லைசென்ஸ் வாங்கிய ரைஃபிள் உங்களிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, நாம் நாலு பேர் சேர்ந்து மான் சுட்டோம். மானைச் சுடுவது குற்றம், ஜெயிலுக்குப் போகிற குற்றம் என்று நாலு பேருக்கும் தெரியும். தெரிந்தே செய்தோம். அதற்குச் சாக்குச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை.

அதற்கு முன்னால் நாட்டுத் துப்பாக்கிதான். அதில் போடும் ஈய ரவை மான் உடம்பெங்கும் சிதறும். வீட்டில் சாப்பிடும்போது யார் பல்லிலாவது நறுக்கென்று கடிபடும், துப்பிவிட்டுச் சிரிப்பார்கள். அப்போது நான்தான் உங்களிடம் சொன்னேன், லைசென்ஸ் ரைஃபிளை எடுங்கள், ஒரே குண்டு, ஒரே ஓட்டை, கறி கெடாது என்று. நான் சொன்ன வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கிறவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள்.

அதன்பிறகு கறி கெடாமல் சுடுவது உங்களுக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. ஓடுகிற மானைத் தொடமாட்டீர்கள். விடியற்காலையில் காற்று நம் பக்கம் வீசுகிற வரப்பில் படுத்துக் கிடப்போம். மான் பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருப்பீர்கள். கழுத்து கிடைத்தால் கழுத்து, இல்லையென்றால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், விலா எலும்புக்குள். தோள்பட்டை எலும்பில் பட்டால் எலும்பு நொறுங்கி முன்காலே பாழ் என்பீர்கள். வயிற்றில் பட்டால் சாணியும் பித்தமும் கலந்து மொத்தக் கறியும் நாறும். அடிபட்டதும் யாரும் துரத்திக்கொண்டு ஓடக்கூடாது, மிரண்டு ஓடிச் செத்த மானின் கறி கறுத்து விறைத்துப்போகும். உரித்தபின் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துணியால் துடைத்து நிழலில் தொங்கவிடுவீர்கள். இவ்வளவு பக்குவம் நம்மில் வேறு யாருக்கும் இல்லை.

அந்தப் பக்குவத்துக்குக் காரணம் நாம் போட்டிருந்த கூறு வழக்கம். தேக்கிலையில் நாலு கூறு. குண்டு பட்ட இடத்தைச் சுற்றி நாலு விரல் அகலம் அறுத்து நாய்க்குப் போடுவோம். அதற்கு அடுத்து ரத்தம் கட்டிக் கன்றிப்போன கறி தனிக் குவியல். அது சுட்டவனுக்கு. கெடுத்தவன்தான் கொண்டுபோக வேண்டும், மற்றவர் பிள்ளைகளுக்கு நல்ல கறி போக வேண்டும் என்பது பேச்சு. எப்போதும் சுடுவது நீங்கள். அதனால் சிதைந்த குவியல் எப்போதும் உங்கள் வீட்டுக்கே போனது. குழம்புக்கு ஆகாத அந்தக் கறியை அக்கா மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து, வாராக வெட்டி, மாடியில் காயவைத்து உப்புக்கண்டம் போட்டாள். நான் நல்ல கறியைக் கொண்டுபோய் என் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

போன சித்திரையில் சுட்ட கடைசி மானை நினைத்துப்பாருங்கள். அன்றைக்கு உங்கள் கை நடுங்கியது. கழுத்துக்கு வைத்த குறி தோள்பட்டையில் போய் விழுந்தது. விழுந்த மான் எழுந்தது, இன்னொரு குண்டு போட்டீர்கள், அதுவும் எலும்பில். இரண்டு முன்காலும் கூழ். "வயசாயிடுச்சு மச்சான்" என்று நான் கிண்டல் செய்தேன். நீங்கள் பதில் சொல்லாமல் அந்தப் பெரிய குவியலைச் சாக்கில் அள்ளினீர்கள். அது இரண்டு ஜாடி உப்புக்கண்டம் ஆனது. ஆடி மாதம் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். ஜாடிகள் இருந்தன.

அக்காவின் படத்தைப் பார்த்த டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். ஏதாவது நாட்டு மருந்து, பற்பம், லேகியம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. மூட்டு வலிக்கு ஒரு லேகியம் சாப்பிட்டேன் என்றாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார், உடனே நிறுத்தச் சொன்னார். அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். இல்லாத லேகியத்தை நிறுத்துவதில் என்ன கஷ்டம்?

வெளியே வந்து கேட்டேன். பஸ் ஸ்டாண்டுச் சத்தத்தில் அக்கா குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"செத்த மனுசனுக்கு மான் திருடன்னு பேரு வாங்கித் தரச் சொல்றியா? ஜெனி மாமனார் வூட்ல என்னான்னு நெனைப்பாங்க? நீயும்தான கூடப் போன, உன் வேலை என்னாகும்?"

என் வேலை என்றதும் நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, அந்த உப்புக்கண்டம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு ஜாடில பாதி இருக்கு. தவக்காலம், நான் தொடுறதில்ல. புள்ளத்தாச்சிக்கு மட்டும் வறுத்துக் குடுக்குறேன். அதுக்கு அது ஒண்ணுதான் வாய்க்குப் புடிக்குது."

 அக்காவை ஊருக்குப் போகும் எறையூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அது கண்ணுக்கு மறைந்தபிறகும் அங்கேயே நின்றேன்.

இப்போது சொல்லப்போவதற்கு நீங்கள் என்னைச் செருப்பால் அடிக்கலாம். அன்றைக்குப் புதன்கிழமை. நான் சனிக்கிழமை வரை யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னால் போலீஸ், போலீஸ் சொன்னால் வனத்துறை, என் பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் நான் ஜெயிலில் என்று எனக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். சென்டருக்குக் காக்கிச் சட்டையில் ஒருவர் வந்தார், என் உயிர் போய் வந்தது. பார்த்தால் ஆட்டோக்காரர், நெஞ்சு எக்ஸ்ரேக்கு வந்திருக்கிறார்.  அந்த மூன்று நாளும் ஜெனி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மத்தியானமும், இப்போது தட்டில் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு அக்கா கோயிலுக்குப் போன நேரம் உங்கள் வீட்டுக்குப் போனேன். ஜெனி தூங்கிக்கொண்டிருந்தாள். ஜாடியிலிருந்து ஒரு கை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு திருடனைப்போல வந்தேன். மறுநாள் காலை மற்றவர்கள் வரும் முன்னே சென்டரைத் திறந்து, அந்த வாரையெல்லாம் வரிசையாக அடுக்கி எக்ஸ்ரே எடுத்தேன்.

கையில் பார்த்தால் ஒன்றும் இல்லை, மச்சான். நல்ல உப்புக்கண்டம். பல்லில்கூடப் படாது. படத்தில் பார்த்தால் மாவு சிந்தினாற்போல வெள்ளை. பதினோரு வார் வைத்திருந்தேன், ஒன்பதில் இருந்தது. நாட்டுத் துப்பாக்கி ரவையாவது கடிபட்டது, துப்பினோம். நான் சொல்லி நீங்கள் மாற்றிய அந்த ஒரே ஈயக் குண்டு உள்ளே போய்த் தூள் தூளாகியிருக்கிறது. நாம் நாலு விரல் அறுத்தோம். அது ஒரு சாணுக்கும் மேல் போயிருக்கிறது.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மான், ரைஃபிள், லேகியப் பொய், ஜெனி. நடுவில் அவர் தண்ணீர் கொடுத்தார்.

"நான் போலீஸ் இல்லைங்க. யாரு சுட்டா, எப்ப சுட்டான்னு நான் கேக்கப் போறதில்ல. அந்தப் பொண்ணு எவ்ளோ சாப்ட்டான்னு எனக்குத் தெரியணும். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க" என்றார். பிறகு மெதுவாக விளக்கினார். ஈயம் ரத்தத்தில் கலந்தால் தாயோடு நிற்காது, வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். வளருகிற மூளைக்கு ஆகாது. எவ்வளவு போயிருக்கிறது என்று ரத்தம் பார்த்தால்தான் தெரியும். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய் அக்கா முன்னாலேயே ஜெனியிடம் சொன்னேன். அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் போய் ஜாடியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜெனி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டேன். வாரத்தில் இரண்டு நாளா, மூன்று நாளா?

"டெய்லி மாமா" என்றாள். "அரியலூருக்கு ஒரு ஜாடி எடுத்துட்டுப் போனேன்ல. அவங்க வூட்ல யாருக்கும் தெரியாது. அப்பா ஞாபகம் வர்றப்பல்லாம் ஒரு துண்டு எடுத்து வாயில போட்டுக்குவேன். பச்சையாவே. மசக்கைல எல்லாம் வாந்தி வந்துச்சு, அது மட்டும் நின்னுச்சு. அப்பா குடுத்தது நிக்குதுன்னு எவ்ளோ சந்தோசப்பட்டேன் தெரியுமா?"

 அவளே எழுந்து, "வண்டிய எடுங்க மாமா" என்றாள்.

ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஆறு நாள். அந்த ஆறு நாளும் எனக்கு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. யாருக்கு எடுத்தாலும் எல்லாப் படத்திலும் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று தேடினேன்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஈயம் இருக்கிறது. இருக்கவேண்டிய அளவைவிட அதிகமாகத்தான் இருக்கிறது. பயந்ததைவிடக் குறைவு என்றார் டாக்டர். அவர் பயந்தது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது, வளர்த்தியும் சரியாக இருக்கிறது. மூளை எப்படி இருக்கும் என்றால், பிறந்து, வளர்ந்து, பேசி, பள்ளிக்கூடம் போய்த்தான் தெரியும் என்கிறார்கள். அதுவரை நான் எப்படி இருப்பேன், மச்சான்?

அக்காவுக்குக் குடல்வாலை எடுத்துவிட்டார்கள். அதற்குள்தான் அந்தப் புள்ளிகள் தங்கியிருந்தன. நன்றாகத் தேறிவிட்டாள். என்னோடு மட்டும் பேசுவதில்லை. உப்புக்கண்டத்தை உங்கள் காட்டு மேட்டில், நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்தேன். ரைஃபிளை நீங்கள் போன மாதமே ஸ்டேஷனில் ஒப்படைத்தாயிற்று. இந்த வருடம் உங்கள் சோளத்தில் பாதியை மான் மேய்ந்துவிட்டது. யாரும் விரட்டப் போகவில்லை.

டாக்டரிடம் இன்னொன்றும் கேட்டேன். ஈயம் உடம்பில் சேர்ந்தால் கை நடுங்குமா என்று. நடுங்கலாம், வயசாலும் நடுங்கலாம், இனிமேல் எப்படிச் சொல்வது என்றார். வருடக்கணக்காகச் சிதைந்த குவியலைத் தின்றது நீங்கள். அதனால்தான் கை நடுங்கியதா? கை நடுங்கியதால்தான் கடைசி மான் அப்படிச் சிதைந்ததா? அன்றைக்கு நான் கிண்டல் செய்தேனே, அப்போது உங்களுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

நம்மோடு வந்த இரண்டு பேரையும் போய்ப் பார்த்தேன். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு, இதையெல்லாம் வெளியே சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். இன்னொருவர், நாங்கள் தின்றது நல்ல கறிதானே, எங்களுக்கு என்ன என்றார். நல்ல கறி எது என்று எனக்கே இப்போது தெரியவில்லை. சாயங்காலம் அவர் மனைவி இரண்டு பேத்திகளைக் கூட்டிக்கொண்டு சென்டர் வாசலில் வந்து நின்றார்.  டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அதனால்தான் இதைக் கல்லறையில் முணுமுணுக்காமல் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் இப்படி ஒரு ஜாடி இருக்கிறதோ. பேர் போட்டு எழுதினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஜீப் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து வாசலை எட்டிப் பார்க்கிறேன். வரட்டும். யாரிடமும் சொல்லாமல் இருந்த மூன்று நாளைவிட அது மோசமாக இருக்காது.

நீங்கள் கெட்டவர் இல்லை மச்சான். மானுக்குச் செய்தது தப்பு, அதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கெட்ட கறியை அடுத்தவன் வீட்டுக்கு அனுப்பாத மனுசன் நீங்கள். அந்த நியாயத்தாலேயே உங்கள் வீட்டுக்கு இது வந்தது என்று நினைக்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

பிள்ளை பிறந்ததும் அதற்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம், குதிகாலில் குத்தி. அந்தக் காலை நான் பிடித்துக்கொள்கிறேன். வேறு யாரையும் விடமாட்டேன். அது வீறிட்டு அழும். என்றைக்காவது அதற்குக் கேட்கத் தெரியும்போது, எதற்காகக் குத்தினீர்கள் என்று கேட்கும். லேகியம் என்று சொல்லமாட்டேன். உங்கள் பேரையும் என் பேரையும் சேர்த்தே சொல்கிறேன். அது புரிந்துகொள்கிற பிள்ளையாக இருக்க வேண்டும், மச்சான். அதற்கு மட்டும் நீங்கள் அங்கே கேளுங்கள்.

உங்கள் மச்சினன்,
பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாய்வழியில் இனி ஒரே தாத்தா முறை,
சவரி